பூட்டும் கைநாட்டும்: ரகசியத்தின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

தமிழ் இலக்கணம் ரகசியத்தைக் குற்றமாகப் பார்த்ததில்லை. நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கிறபோது இடக்கரடக்கல், மங்கலம் இரண்டோடு குழூஉக்குறியையும் சேர்க்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள் என்று உதாரணம் சொல்லித் தருகிறார்கள். எம்.ஏ. வகுப்பு வரைக்கும் இதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒரு தொழிலைச் செய்கிற கூட்டம், வெளியாள் காதில் விழுந்தாலும் விளங்காதபடி தனக்குள் பேசிக்கொள்வது 'தகுதி' என்ற தலைப்பின் கீழ் வைக்கப்பட்டிருக்கிறது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் இன்னொன்றைப் பார்த்திருப்பார்கள். தரகர்கள் இரண்டு பேர் எதிரெதிரே நின்று கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பேரம் நடக்கிறது என்பது சந்தைக்கே தெரியும். யாருக்கும் யாருக்கும் என்பதும் தெரியும். எவ்வளவு என்பது மட்டும் தெரியாது. பேரம் படிந்துவிட்டால் அப்புறம் மாற்றிப் பேச முடியாது. அதாவது துண்டுக்குள் இருக்கிற அதே கைதான் மறைக்கவும் செய்கிறது, வாக்குக் கொடுக்கவும் செய்கிறது. பூட்டும் கையொப்பமும் அங்கே ஒரே செயல்.

நவீன அரசு இந்த இரண்டையும் பிரித்தது. கீழே இருப்பவரிடமிருந்து கையொப்பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவர் கையில் பூட்டு இருப்பதைச் சதியின் அடையாளமாக ஆக்கியது. கம்ப்யூட்டர் காலத்து மறையாக்கம், டிஜிட்டல் கையொப்பம் என்கிற கருவிகளின் வரலாற்றையும் இந்தப் பிரிவினையின் தொடர்ச்சியாகவே வாசிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். 'அதெல்லாம் இன்ஜினியர் சமாச்சாரம்' என்று எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் ஒதுங்கிக்கொள்கிற காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

2

நம்ம பக்கத்து உதாரணத்திலிருந்தே தொடங்கலாம். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன்பு வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதிய தலைப்பாகை, தாடி, சாதி சமயக் குறிகள் பற்றிய உத்தரவுகள், கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பம் என்று காரணங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கியதும் இருக்கிறது. நம்முடைய விஷயத்துக்கு முக்கியமானது மூன்று வாரத்துக்கு முன் நடந்தது.

முஸ்தபா பேக் என்ற சிப்பாய் ஜூன் 17ஆம் தேதி தன் மேலதிகாரி ஃபோர்ப்ஸிடம் போய், உள்ளே சதி நடக்கிறது என்று சொல்லிவிட்டார். ஃபோர்ப்ஸ் அதை விசாரிக்கும் பொறுப்பை இந்திய அதிகாரிகளிடமே கொடுத்தார். 'இந்த ஆளுக்குப் பைத்தியம்' என்று அவர்கள் சொன்னார்கள். முஸ்தபா பேக் விலங்கு மாட்டி அடைக்கப்பட்டார். கலகம் நடந்து முடிந்த பிறகு அதே ஆளுக்குப் பரிசும் பென்ஷனும் கிடைத்தது.

இந்தச் சம்பவத்துக்குள் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. ஒன்று, ரகசியம் எங்கே உடைந்தது? வழியில் யாரும் ஒட்டுக்கேட்டு உடையவில்லை. பேச்சு போய்ச்சேர்ந்த முனையில், ஒரு மனிதனிடத்தில் உடைந்தது. இரண்டு, உடைந்து வெளியே வந்த செய்தி ஏன் செல்லுபடியாகவில்லை? அதைச் சொன்னவரின் வார்த்தைக்கு மதிப்புத் தரும் அத்தாட்சி எதுவுமில்லை. அத்தாட்சி சொல்லும் அதிகாரம் சதியில் இருந்தவர்கள் கையிலேயே இருந்தது. செய்தியை மறைப்பது ஒரு வேலை, செய்தி இன்னாரிடமிருந்து மாறாமல் வந்தது என்று நிறுவுவது வேறு வேலை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

3

1858இல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலை போடும் சரக்குக்கான ஒப்பந்தத்தில் கோனாய் என்பவரின் உள்ளங்கை முழுவதையும் மசியில் தோய்த்துப் பதித்து வாங்கினார். பின்னால் 'இது என் கையெழுத்து இல்லை' என்று கோனாய் சொல்லிவிடக் கூடாது, அந்த நினைப்பே வராதபடி அவரைப் பயமுறுத்த வேண்டும் என்பதே நோக்கம் என்று ஹெர்ஷலே பிற்பாடு எழுதினார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் வந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஜிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இருவருக்கும் பெரும் பங்கு உண்டு. பெயர் என்னவோ எட்வர்ட் ஹென்றிக்குப் போனது.

டிஜிட்டல் கையொப்பம் பற்றிய பாடநூல்கள் எல்லாவற்றிலும் ஒரு கலைச்சொல் வரும். அதைத் தமிழில் 'மறுக்கவியலாமை' என்று சொல்லலாம். கையொப்பமிட்டவர் பிறகு 'நான் இல்லை' என்று சொல்ல முடியாத நிலை. இதை வெறும் தொழில்நுட்பக் குணம் என்று படிக்கிற மாணவருக்கு கோனாயின் உள்ளங்கையைக் காட்ட வேண்டும். மறுக்கவியலாமை என்பது பிறப்பிலேயே ஓர் அதிகார உறவு.

தமிழ்நாட்டில் இந்த உறவு ரத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் புதுப்பிக்கப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'. ஒரு சாதியில் பிறந்ததற்காகவே விரலைப் பதிந்துவிட்டுப் போக வேண்டும். 1920 ஏப்ரல் 3இல் உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 'ரேகை வைக்க மாட்டோம்' என்று நின்ற பிரமலைக் கள்ளர்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். கையொப்பமிட மறுப்பது ஓர் அரசியல் செயல் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆவணம் நமக்கு வேண்டியதில்லை. எழுதப்படிக்கத் தெரியாதவரைத் திட்டுவதற்கு இன்றும் 'கைநாட்டு' என்கிறோம். அந்த வசவில் ஹெர்ஷலும் இருக்கிறார்.

4

1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுவரை பூட்டிப் பேச வேண்டுமானால் இரண்டு பேரும் முன்கூட்டியே ஒரே சாவியைப் பகிர்ந்திருக்க வேண்டும். சாவியைக் கொண்டுபோக தூதனும், அந்தத் தூதனுக்குக் காவலும் வேண்டும். ஆகவே வலுவான ரகசியம் ராணுவத்துக்கும் தூதரகத்துக்கும் மட்டும் கட்டுப்படியாகும் சரக்காக இருந்தது. இவர்கள் சாவியை இரண்டாகப் பிளந்தார்கள். ஒன்று பொதுச்சாவி, அதை ஊருக்கே கொடுக்கலாம். மற்றது தனிச்சாவி, கையைவிட்டுப் போகக் கூடாது. அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதை நடைமுறைக் கணக்காக ஆக்கினார்கள். பிரிட்டிஷ் உளவு நிறுவனத்தில் எல்லிஸும் காக்ஸும் இவர்களுக்குச் சில ஆண்டுகள் முன்பே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது 1997இல்தான் வெளியே வந்தது. ரகசியம் காக்கும் வித்தையையே ரகசியமாக வைத்திருந்தார்கள்.

கணக்கைச் சின்ன எண்களில் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒருவரின் பொதுச்சாவி 3, தனிச்சாவி 7, பொது எண் 33. அவருக்கு '4' என்ற செய்தியை அனுப்ப வேண்டும். நாலை மூன்று முறை பெருக்கினால் 64, அதை 33ஆல் வகுத்தால் மீதி 31. இந்த 31ஐ அனுப்புகிறோம். வழியில் பார்ப்பவருக்கு 31 மட்டும் தெரியும். தனிச்சாவி வைத்திருப்பவர் 31ஐ ஏழு முறை பெருக்கி 33ஆல் வகுத்தால் மீதி 4. பூட்டு திறந்தது.

இப்போது தலைகீழாக. அவரே '4' என்ற செய்தியைத் தன் தனிச்சாவியால் ஏழு முறை பெருக்குகிறார். 16384, மீதி 16. 'என் செய்தி 4, என் ஒப்பம் 16' என்று ஊருக்கு வெளியிடுகிறார். யார் வேண்டுமானாலும் 16ஐ மூன்று முறை பெருக்கிப் பார்க்கலாம். 4096, மீதி 4. ஒப்பம் அவருடையதுதான். 33ஐ 3 பெருக்கல் 11 என்று உடைக்கத் தெரிந்தவர் தனிச்சாவியைக் கண்டுபிடித்துவிடுவார். நிஜத்தில் புழங்கும் பொது எண் 617 இலக்கம் கொண்டது, உடைக்க ஆள் இல்லை.

ஒரே சாவி ஜோடி. இந்தப் பக்கம் திருப்பினால் பூட்டு, அந்தப் பக்கம் திருப்பினால் கையொப்பம். கணக்கில் இரண்டும் பிரிக்க முடியாதவை. பிரிப்பது சட்டம்.

இன்னொன்றும் உண்டு. 1971இல் தெரிதா கையொப்பம் பற்றிப் பேசியபோது, அது செல்லுபடியாக வேண்டுமானால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி போடக்கூடியதாக இருக்க வேண்டும், அதனாலேயே அது போலி செய்யவும் கூடியதாகிறது என்ற முரணைக் காட்டினார். டிஜிட்டல் கையொப்பம் இந்த முரணை வேறு இடத்துக்கு நகர்த்துகிறது. பிரதி மாறினால் ஒப்பமும் மாறும். பிரதியில் ஒரு புள்ளியை மாற்றினாலும் ஒப்பம் பொருந்தாது. ஆனால் தனிச்சாவி இன்னொருவர் கைக்குப் போய்விட்டால் அவர் போடுவதும் 'அசல்' ஒப்பமே. ஆகவே கேள்வி 'கையெழுத்து யாருடையது?' என்பதிலிருந்து 'சாவி யார் கையில்?' என்பதற்கு மாறுகிறது.

1991இல் பில் ஸிம்மர்மன் பி.ஜி.பி. என்ற நிரலை இலவசமாக வெளியிட்டார். சாதாரண ஆளும் வீட்டுக் கம்ப்யூட்டரில் பூட்டவும் ஒப்பமிடவும் முடிந்தது. அமெரிக்க அரசு அதை ஆயுத ஏற்றுமதியாகக் கருதி மூன்று வருஷம் விசாரித்து 1996இல் கைவிட்டது. இடையில் அந்த நிரலின் வரிகள் முழுவதும் புத்தகமாக அச்சாகி வெளிவந்தன. நிரலை ஆயுதம் என்று சொன்ன சட்டத்துக்கு, அச்சுப் புத்தகத்தை அப்படிச் சொல்வது சிரமமாக இருந்தது. 1999இல் ஜெர்மனியின் வெர்னர் கோஹ் அதே வேலையைச் செய்யும் குனுபிஜி என்ற கட்டற்ற மென்பொருளின் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார்.

சர்வர் விஷயத்தை இங்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிரவுசரில் தெரியும் பூட்டுக்குறி, நம் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் இடையிலுள்ள வழியை மட்டும் காக்கிறது. சர்வரைப் பராமரிப்பவர் உள்ளே இருப்பதைப் படிக்கலாம். தபால்காரர் பிரிக்க முடியாத கவர், ஆனால் போஸ்ட்மாஸ்டர் பிரிப்பார். பி.ஜி.பி. போன்றவை அனுப்புகிறவரின் மேசையிலேயே பூட்டிவிடுவதால் சர்வரில் கிடப்பது வெறும் 31.

வழியைக் காக்கும் பூட்டுக்கும் ஆதாரம் ஒரு கையொப்பமே. 'இது இன்ன சர்வர்' என்று ஒரு சான்றளிப்பு நிறுவனம் ஒப்பமிட்டுத் தருவதை நம் பிரவுசர் நம்புகிறது. 2014 ஜூலையில் கூகுளின் பெயரில் போலிச் சான்றுகள் புழங்குவது கண்டுபிடிக்கப்பட்டபோது, அவை நம் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்பு வழியாக வந்தவை என்று தெரியவந்தது. ஃபோர்ப்ஸின் விசாரணைக் குழுவை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சான்று சொல்லுகிற இடம் கெட்டுப்போனால் பூட்டு இருந்தும் பிரயோசனம் இல்லை.

5

இந்திய அரசு இந்தக் கணக்கை எப்படி வாங்கிக்கொண்டது? 1990களின் கடைசியில் தனியாருக்கு இணையச் சேவை உரிமம் கொடுத்தபோது, 40 பிட்டுக்கு மேல் வலுவான மறையாக்கம் வேண்டுவோர் அனுமதி பெற்று, சாவியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். 40 பிட் பூட்டு அப்போதே உடைக்கக் கூடியது. ஆனால் 2001இல் ரிசர்வ் வங்கி, இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்று வழிகாட்டியது. பணத்துக்கு 128, பேச்சுக்கு 40.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையொப்பத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்து, மேற்பார்வைக்குக் கட்டுப்பாட்டாளரையும் நியமித்தது. 2002இல் முதல் உரிமம் சேஃப்ஸ்கிரிப்ட் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அதே சட்டத்தின் 69ஆம் பிரிவு, 2008 திருத்தத்துக்குப் பிறகு, அரசு கேட்டால் பூட்டைத் திறந்துகாட்ட உதவாதவருக்கு ஏழு வருஷம் வரை சிறை என்கிறது. 2015 செப்டம்பரில் வந்த தேசிய மறையாக்கக் கொள்கையின் வரைவு, பூட்டி அனுப்பிய செய்தியின் திறந்த பிரதியை 90 நாள் பத்திரமாக வைத்திருந்து கேட்கும்போது தர வேண்டும் என்று குடிமக்களிடம் சொன்னது. கேலியும் எதிர்ப்பும் கிளம்ப, ஓரிரு நாளில் வாபஸ் ஆனது. ஒரே கணக்கின் ஒரு பாதி சட்டம், மறு பாதி சந்தேகம்.

தோல் வட்டாரத்தில் கையொப்பப் பாதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். கலவையிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் ஷெட்டுக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறவர்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் என்ற பெயரே தெரியாமல் இருக்கலாம். அது அவர்கள் வாழ்க்கையில் இருக்கிறது. முதலாளியின் தனிச்சாவி ஒரு சிறிய யு.எஸ்.பி. டோக்கனில் இருக்கும். பல இடங்களில் அந்த டோக்கனும் அதன் பாஸ்வேர்டும் ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில் ஒன்றாகவே கிடக்கும். தொழிலாளி தன் சொந்த பி.எஃப். பணத்தை ஆன்லைனில் கேட்க வேண்டுமானால், அவருடைய ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களுக்கு முதலாளி டிஜிட்டல் ஒப்புதல் தந்திருக்க வேண்டும் என்பது பல ஆண்டுகள் விதியாக இருந்தது. வேலையை விட்ட ஆள்மீது முதலாளிக்குக் கோபம் என்றால் டோக்கன் டிராயரிலேயே தூங்கும்.

தொழிலாளிக்கும் ஒரு டிஜிட்டல் கையொப்பம் உண்டு. 2015இல் அங்கீகரிக்கப்பட்ட ஆதார்வழி ஈ-சைன். விரலை வைத்தால், அல்லது செல்லுக்கு வரும் ஆறு எண்களைச் சொன்னால், சேவை நிறுவனத்தின் சர்வரில் அவர் பெயரில் ஒரு தனிச்சாவி பிறக்கும், ஒரு முறை ஒப்பமிடும், அழிக்கப்படும். சாவி ஒரு நிமிஷம்கூட அவர் கைக்கு வருவதில்லை. முதலாளியின் சாவி டிராயரில், தொழிலாளியின் சாவி யாருடைய சர்வரிலோ. ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஓ.டி.பி. சொல்லிவிட்டு வருகிறவர் எதில் ஒப்பமிட்டார் என்று அவருக்கே தெரியாது, ஆனால் மறுக்க முடியாது. சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் ஊறித் தேய்ந்த விரலை ரேஷன் கடை மிஷின் 'நீ இல்லை' என்று தள்ளுவதும் இதே அமைப்பின் இன்னொரு முகம். வேண்டாதபோது மறுக்க முடியாது, வேண்டும்போது நிரூபிக்க முடியாது.

6

இப்போது கையொப்பம் பேச்சுக்குள்ளேயே நுழைகிறது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கோரி 2018இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடங்கிய பொதுநல வழக்கு, வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக வளர்ந்தது. 2019இல் சென்னை ஐ.ஐ.டி.யின் காமகோடி, முதலில் அனுப்பியவரின் எண்ணைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம் என்று யோசனை சொன்னார். மும்பை ஐ.ஐ.டி.யின் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆனால் 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் விதிகளில் 'முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டுதல்' பெரிய செய்திச் சேவைகளுக்குக் கட்டாயமானது. அதை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றம் போன வாட்ஸ்அப், பூட்டை உடைக்கச் சொன்னால் நாட்டைவிட்டுப் போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் சொன்னது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை நாம் சுலபமாகத் தாண்டிப் போக முடியாது. 2018 மே மாதம் கலவைக்குப் பக்கத்திலேயே, போளூர் அருகில், பிள்ளை பிடிக்க வந்தவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். 'எழுதுனவன் எவன்னு கண்டுபிடிக்கத்தானே கேக்குறாங்க?' என்று யாராவது கேட்டால் கோபப்பட முடியாது. ஆனால் அந்த அம்மாவை அடித்தவர்கள் முகம் மூடிக்கொண்டு அடிக்கவில்லை. பட்டப்பகலில், செல்போனில் படம் பிடித்துக்கொண்டு அடித்தார்கள். போலீஸ் அவர்களைப் பிடிக்கப் பூட்டு தடையாக இல்லை. மேலும், வேறெங்கோ படித்ததை நகலெடுத்து ஒட்டுகிற அப்பாவியும் 'முதலில் அனுப்பியவர்' ஆகிவிடுவார். எண்ணை மாற்றிப் பதிக்கத் தெரிந்த கைகாரர் இன்னொருவரை மாட்டிவிடுவார். கொலைகாரருக்காக வைக்கிற பொறியில், ஷெட்டில் விஷவாயு தாக்கியதைப் படம் எடுத்து அனுப்பிய தொழிலாளி சிக்குவார்.

கையொப்பமிடாமல் பேசுவது கோழைத்தனம் என்ற எண்ணம் நம் முற்போக்காளர்களிடமும் இருக்கிறது. தமிழில் எழுதியவர் பெயர் தெரியாத தனிப்பாடல்கள் எத்தனை, தாலாட்டும் ஒப்பாரியும் எத்தனை! புனைபெயர்கள் இல்லாத சிறுபத்திரிகையைச் சொல்லுங்கள். கணக்கு வல்லுநர்களும் இதைப் புரிந்துகொண்டார்கள். 2004இல் போரிஸோவ், கோல்ட்பர்க், ப்ரூவர் மூவரும், பி.ஜி.பி.யில் ஒப்பமிட்ட கடிதம் என்றைக்கும் நமக்கு எதிரான சாட்சியாகக் கிடக்கும் என்பதைச் சுட்டிக்காட்டி, பேசுகிற இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியும், ஆனால் மூன்றாம் ஆளிடம் எதையும் நிரூபிக்க முடியாது என்ற விதமான முறையை உருவாக்கினார்கள். சிக்னல், வாட்ஸ்அப் இரண்டும் அந்த வழியில் வந்தவை. மறுக்கவியலாமைக்கு எதிராக 'மறுக்கும் உரிமை'. துண்டுக்குள் பேசியது துண்டோடு போகும்.

7

பூட்டு எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் மறுபடியும் 1806க்குப் போக வேண்டும். ரகசியம் முனையில் உடைகிறது. பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் கம்ப்யூட்டரில் இருந்த கடிதங்கள், 2016இல் ஒரு மின்னஞ்சல் வழியாக நுழைந்த உளவுநிரலைக் கொண்டு வெளியிலிருந்து திணிக்கப்பட்டவை என்று அமெரிக்காவின் ஆர்சனல் தடயவியல் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டின் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டான் சுவாமி 2021 ஜூலை 5இல் காவலில் இருந்தபடியே இறந்தார். அவருடைய கம்ப்யூட்டரிலும் அப்படியே திணித்தார்கள் என்று அதே நிறுவனம் 2022 டிசம்பரில் சொன்னது. புலனாய்வு முகமை இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. நம் வாதத்துக்கு ஒன்று போதும். தன் கம்ப்யூட்டரில் இருக்கிற கோப்பு தன்னுடையது இல்லை என்று நிரூபிக்கும் சுமை எண்பது வயதைத் தாண்டிய மனிதரின் தலைமீது விழுந்தது. யாருடைய ஒப்பமும் இல்லாத பிரதியை அவருடைய ஒப்பமாக வாசித்தார்கள்.

ஆகவே கையொப்பக் கணக்கை நாமும் கேட்டு வாங்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு கோப்பையோ ஹார்டு டிஸ்க்கையோ ஒரு கணக்கில் போட்டால் அதற்கே உரிய ஒரு நீண்ட எண் வரும், உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ஹாஷ் என்பார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் இந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். செல்லையும் லேப்டாப்பையும் பறிமுதல் செய்யும் நிமிஷத்திலேயே, கண்ணெதிரே, அந்த எண்ணை எடுத்து மகஜரில் எழுதி நகல் தர வேண்டும் என்று கேட்பது இனி நம் அரிச்சுவடியாக வேண்டும். இங்கே ஒப்பமிட வேண்டியது போலீஸ்.

மற்ற இடங்களில் நாம் கேட்க வேண்டியவை நேர் எதிரானவை. பேச்சுக்குப் பூட்டு, அந்தப் பூட்டின் சாவி நம் கையில், ஒப்பமிடாமல் பேசுகிற உரிமை, தெரியாமல் போட்ட ஒப்பத்தை மறுக்கிற உரிமை. 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமித்துச் சொன்னார்கள். அதைத் தனிமனிதரின் படுக்கையறைச் சமாச்சாரமாகச் சுருக்கிவிடாமல், சங்கம் கட்டுகிறவர்களின், துண்டறிக்கை எழுதுகிறவர்களின் கூட்டு உரிமையாக விரித்துப் பேச வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னால் நம் பக்கத்துச் சனங்கள் 'நம்மகிட்ட இன்னா இருக்குது ஒளிச்சி வைக்க?' என்பார்கள். நன்னூலின் பொற்கொல்லருக்கும் சந்தைத் தரகருக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்காது. அது எப்போது, யாரால் நமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது என்பதிலிருந்து விவாதத்தைத் தொடங்கலாம்.